இரண்டு கீழ்க்கோடுகள்

பிளஸ் டூவில், தமிழ்வழியில்,
கிளாஸ் என்பதற்கு எங்களுக்குச் சொல்லித்தந்த சொல்
இனக்குழு.
இனக்குழுவிலிருந்து பிறப்பது பொருள்.
பொருளுக்குப் பண்புகள் உண்டு,
கூப்பிட்டால் ஓடிவரும் செயற்கூறுகள் உண்டு.
பரீட்சைக்கு முந்தின இரவு நெட்டுருப் போட்டபோது
சிரிப்பு வரவில்லை.

பதினோரு வருடம் கழித்து வருகிறது,
எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில், மூன்றாம் மாடியில்,
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்து மேஜையில்.

வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் கம்பெனி எங்களுடையது.
என் திரையில் ஒரே ஓர் இனக்குழு,
பெயர் குடியிருப்பவர்,
ஆயிரத்து நானூறு வரி.
எல்லாக் கதவும் ஆவென்று கிடக்கிறது.
சம்பளத்தை யாரும் எட்டிப் பார்க்கலாம்.
அட்வான்ஸை யாரும் மாற்றி எழுதலாம்.
பழைய வீட்டை ஏன் காலி செய்தார் என்பதை
பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் நிரல்கூட
விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இந்த மொழியில் பூட்டு கிடையாது.
பெயருக்கு முன்னால் ஒரு கீழ்க்கோடு போட்டால்
தயவுசெய்து தொடாதே என்று அர்த்தம்.
வாசலில் கழற்றிவிட்ட செருப்பு மாதிரி.
உள்ளே ஆள் இருக்கிறது, தட்டிவிட்டு வா.
வருகிறவன் வரத்தான் செய்வான்.

இரண்டு கீழ்க்கோடு போட்டால் கொஞ்சம் கெடுபிடி.
மொழியே பெயரைத் திருத்திவிடும்,
முன்னால் இனக்குழுவின் பெயரை ஒட்டி.
அப்புறம் வெளியே யாரும்
பழைய பெயரைச் சொல்லி அதைக் கூப்பிட முடியாது,
அதற்குப் பிறந்த பிள்ளை இனக்குழுகூட.

நூபுர் பட்டாச்சார்யா கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"ஓ, சர்நேம்."

எனக்கு சர்நேம் இல்லை, நூபுர்.
ஓர் எழுத்துதான், சூ.
சூசையப்பன்.
போன ஞாயிற்றுக்கிழமை எஜிபுராவில்
டு-லெட் பலகையைத் துடைத்துக்கொண்டே ஒருவர்
என்னிடம் சாதி கேட்கவில்லை.
சத்தியமாகக் கேட்கவில்லை.
ஊர் எது என்றார்.
வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்றார்.
அப்பா பெயர் என்ன என்றார்.
நான் இரண்டு கீழ்க்கோடு போட்டுப் பொத்தி வைத்ததை
அவர் தொடவே இல்லை.
வெளியே கிடந்த மூன்றையும் கூப்பிட்டார்,
கூட்டிக்கொண்டார்.
"வீடு நேத்தே போயிடுச்சும்மா."
பலகை பளபளவென்று தொங்கியது.

அறுநூற்றுப் பதினோராம் வரிக்கு வந்தேன்.
சமூகம் என்று ஒரு பண்பு.
இரண்டு கீழ்க்கோடு போட்டேன், ஓடவிட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் பச்சை.
ஒன்று சிவப்பு.
வீட்டுக்காரர் விருப்பம் என்ற வடிகட்டி
இந்தப் பண்பை நேரே தொட்டுக்கொண்டிருந்தது,
தினமும், மூன்று வருடமாக.

எழுதியது யார் என்று கேட்டால்
கருவி மழுப்பாமல் சொல்லும்.
வெள்ளிக்கிழமை, இரவு 11.40,
நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம்,
என் பெயர்.
குறிப்பும் என்னுடையதே:
"ஓனர்கள் கேட்டது. சேர்த்தாச்சு."
பின்னால் ஒரு சிரிக்கும் முகம்.

பிரமோத் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.
"இனக்குழு பேரையும் சேர்த்து நீட்டிக் கூப்பிடு, ஓடும்."
ஓடும்.
எனக்கும் தெரியும் ஓடும்.

பண்பை அழித்தேன். வடிகட்டியை அழித்தேன்.
அந்தச் சோதனையையும்.
இல்லாததை யாரும் கூப்பிட முடியாது.
முப்பத்தேழு சிவப்பு வரி.
நூபுர் ஒப்புதல் தந்தாள்,
ஒரு கேள்வியோடு:
ஊர், உணவு, அப்பா பெயர்
மூன்றும் பொதுவிலேயே இருக்கிறதே?

பதில் அடிக்கும்போது புரோக்கர் அழைத்தார்.
முருகேஷ்பாளையத்தில் ஒற்றைப் படுக்கையறை,
காவேரித் தண்ணீர், மாடிப்படி தனி.
"ஓனருக்கு ரெண்டே ரெண்டு கேள்விதானாம் மேடம்."

எந்த ரெண்டு என்று கேட்டேன்.